லினக்ஸில் இணையம் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கணினியில் இணையம் நின்றுபோனால் பலரும் என்ன செய்கிறார்கள்? கைபேசியில் தேடி, கிடைத்த நாலைந்து கட்டளைகளைப் பார்த்துப் பார்த்து டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) தட்டுகிறார்கள். ஒன்று பலித்தால் எது பலித்தது என்று தெரியாது. பலிக்காவிட்டால் புதிதாக எது கெட்டது என்றும் தெரியாது. கடைசியில் ஓஎஸ்ஸையே அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். இணையக் கோளாறுக்கு அது தேவைப்படுவது மிக அபூர்வம். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தில் மட்டும் கைவைத்தால் போதும்.

இங்கே சொல்வதெல்லாம் உபுண்டு, மிண்ட், டெபியன், ஃபெடோரா போன்ற, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் ஓடும் கணினிகளை மனத்தில் வைத்துச் சொல்வது. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். என்எம்சிஎல்ஐ என்று இருந்தால் அந்த ஐந்து எழுத்துகளையும் இடைவெளியில்லாமல் சேர்த்துத் தட்ட வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கீழிருந்து மேலாகப் போங்கள். கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா, ரூட்டர் வரை போக முடிகிறதா, ரூட்டரைத் தாண்டி வெளியே போக முடிகிறதா, பெயரைச் சொன்னால் முகவரி தெரிகிறதா என்று வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் இடம் பிடிபட்டுவிடும்.

முதலில் "ஐபி ஏ" என்று தட்டினால் கணினியின் முகவரிகள் வரும். அடுத்து "ஐபி ஆர்". அதில் "டிஃபால்ட் வயா 192.168.1.1" என்பது போல ஒரு வரி இருக்க வேண்டும். அந்த எண்தான் உங்கள் ரூட்டர். அதற்கு "பிங் -சி 4 192.168.1.1" என்று ஒரு பிங், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்கும் சின்னப் பொட்டலம், விடுங்கள். பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. பிறகு "பிங் -சி 4 8.8.8.8". இதற்கும் பதில் வந்தால் இணைய நிறுவனத்தின் லைன் வரை சரி. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குப் பிங். எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவையில்.

ஒரு எச்சரிக்கை. சில அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே 8.8.8.8 பதில் தராததை மட்டும் வைத்து லைன் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இன்னொன்று: வீட்டில் வேறு கைபேசியோ கணினியோ அதே வைஃபையில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். அங்கும் வரவில்லை என்றால் லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

டெர்மினல் ஏதேதோ பிழைச் செய்தி காட்டுகிறது. எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தைக் காட்டுகிறது. இவற்றைப் படிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்" என்றால் எந்த வழியில் அனுப்புவது என்றே உங்கள் கணினிக்குத் தெரியவில்லை. "ஐபி ஆர்" தட்டிப் பாருங்கள், டிஃபால்ட் வரி இருக்காது. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், வழி தெரிகிறது, ஆனால் பக்கத்தில் இருக்க வேண்டிய அந்தக் கருவி குரல் கொடுக்கவில்லை. ரூட்டர் அணைந்திருக்கலாம், அல்லது நீங்கள் வேறு ஏதோ நெட்வொர்க்கில் இணைந்திருக்கலாம்.

"டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்" வந்தால் பெயரைக் கேட்கப் போன இடத்தில் பதில் கிடைக்கவில்லை. "நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்" வந்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது; அப்படி ஒரு பெயரே இல்லை என்பதுதான் அந்தப் பதில். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

"கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு" பார்த்துப் பலர் இணையம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். பொதுவாக இது நெட்வொர்க் வேலை செய்வதற்கான சாட்சி. அந்தக் கணினி வரை போய்விட்டீர்கள், நீங்கள் தட்டிய கதவுக்குப் பின்னால் எந்தச் சேவையும் ஓடவில்லை, அவ்வளவுதான். "கனெக்ஷன் டைம்டு அவுட்" என்றால் பதிலே வரவில்லை. வழியில் எங்கோ, போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம்.

"ஐபி ஏ" தட்டினால் பக்கம் பக்கமாக வருகிறது. எதைப் பார்ப்பது?

"லோ" என்று தொடங்குவது கணினி தன்னுடனேயே பேசும் 127.0.0.1. விட்டுவிடுங்கள். "டாக்கர்0", "விர்பிஆர்0" போன்றவை மெய்நிகர் இடைமுகங்கள், இப்போதைக்கு அவையும் வேண்டாம். "ஈஎன்" என்று தொடங்குவது கேபிள், "டபிள்யூஎல்" என்று தொடங்குவது வைஃபை. முன்பெல்லாம் ஈத்0, டபிள்யூலேன்0 என்று எளிமையாக இருந்தது. 2013 வாக்கில், லினக்ஸின் சேவைகளை ஏற்றி நடத்தும் சிஸ்டம்டி வழியாக வந்த முறையில், அட்டை எந்த பஸ்ஸில், எந்த ஸ்லாட்டில் செருகியிருக்கிறதோ அதை வைத்துப் பெயர் வருகிறது. அதனால்தான் டபிள்யூஎல்பி2எஸ்0 போன்ற வாயில் நுழையாத பெயர்கள். ஆனாலும் இரண்டு அட்டைகள் உள்ள கணினியில் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பெயர் இடம் மாறுகிற பழைய தொல்லை இதனால் ஒழிந்தது.

அந்த வரியில் "நோ-கேரியர்" என்று இருந்தால் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, அல்லது மறுமுனையில் மின்சாரம் இல்லை. கீழே "ஐநெட்" என்ற வரியே இல்லையென்றால் முகவரி கிடைக்கவில்லை. 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதைதான்: ரூட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அப்போது ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கணினி அமைப்பில் ஐபிவி4 பகுதி "ஆட்டோமேட்டிக்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பு எதற்காகவோ கையால் போட்ட முகவரி, ரூட்டர் மாற்றிய பிறகும் அப்படியே கிடப்பதை நிறைய பார்க்கலாம்.

வைஃபை ஐகானே காணவில்லை.

முதலில் "ஆர்எஃப்கில் லிஸ்ட்". அதில் "சாஃப்ட் பிளாக்டு: யெஸ்" என்றால் மென்பொருள் அணைத்து வைத்திருக்கிறது, "ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" என்று தட்டினால் திறந்துவிடும். "ஹார்டு பிளாக்டு: யெஸ்" என்றால் எந்தக் கட்டளையும் உதவாது. லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அல்லது மேல்வரிசை விசைகளில் ஒன்றில் ஆன்டெனா படம் போட்டிருக்கும். பழைய லேப்டாப்களில் இது சகஜம்.

ஆர்எஃப்கில் வைஃபையையே காட்டவில்லையென்றால் டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) பிரச்சினை. "எல்எஸ்பிசிஐ -என்என்கே" தட்டி நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற பகுதியைத் தேடுங்கள். அதன் கீழ் "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இல்லையென்றால் அட்டையைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எடுத்துக்கொள்ளவில்லை. வரி இருந்தும் வைஃபை வரவில்லையென்றால், அட்டைக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல் இருக்கலாம். "சூடோ டிஎம்ஈஎஸ்ஜி" (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது) வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடினால் எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு சொல்லியிருக்கும்.

இன்டெல் அட்டைகள் பெரும்பாலும் தானாக வேலை செய்யும். பிராட்காம்தான் பழைய வில்லன். உபுண்டு, மிண்ட் இரண்டிலும் கூடுதல் டிரைவர்களுக்கான ஜன்னலில் பிராட்காம் டிரைவர் பட்டியலில் வரும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டெபியன் நெடுங்காலம் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்க்கிறார்கள். அதற்கு முந்தைய டெபியனை இன்னும் வைத்துக்கொண்டு வைஃபைக்காகப் போராடுபவர்கள் புதியதை நிறுவுவதே சுருக்கமான வழி. ஓஎஸ்ஸை மாற்றச் சொல்லி இந்தப் பக்கத்தில் வருவது இந்த ஓர் இடம்தான்.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

கைபேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் லினக்ஸ் அதை உடனே ஒரு கேபிள் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் தேவையில்லை. கைபேசி அப்போது வீட்டு வைஃபையில் இருந்தால் பல மாடல்களில் அந்த வைஃபையே கணினிக்கு வரும், டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளாக இருந்தால் டெதரிங் பொத்தானே மங்கலாக இருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள். புதிதாக லினக்ஸுக்கு வருபவர்களுக்கு இந்த ஒரு வித்தையை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும், மற்றதை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். செருகினால் சிடி டிரைவ் போலத் தெரிகிறது!

அதற்குள் விண்டோஸ் டிரைவரை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். முதலில் சிடி வேடம் போட்டு, டிரைவர் நிறுவியதும் வைஃபையாக மாறும் வகை அது. கோப்பு மேலாளரில் அந்தச் சிடியை "எஜெக்ட்" செய்தாலே பல நேரம் வேடம் கலைந்துவிடும். இல்லாவிட்டால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பொதியை நிறுவுங்கள்.

மலிவு டாங்கிள்களில் பெரும்பாலும் ரியல்டெக் சிப் இருக்கும். பெட்டியின் மேல் "லினக்ஸ் சப்போர்ட்" என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். "எல்எஸ்யூஎஸ்பி" காட்டும் அடையாள எண்ணை வைத்துத் தேடுங்கள். கர்னல் 6.2 முதல் பல ரியல்டெக் யூஎஸ்பி சிப்களுக்கு ஆர்டிடபிள்யூ88 டிரைவரிலேயே ஆதரவு வந்துவிட்டது. உங்கள் சிப் அந்தப் பட்டியலில் இருந்தால் யாரோ எழுதிய டிரைவரை இறக்கிக் கம்பைல் செய்வதைவிடப் புதிய கர்னலுக்கு மாறுவது நல்லது.

கர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை போய்விட்டது.

கணினியை மறுபடி ஏற்றும்போது எதை ஏற்றுவது என்று கேட்கும் குரப் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்தால் காரணம் உறுதி. தனியாக நிறுவிய டிரைவர் புதிய கர்னலுக்குக் கம்பைல் ஆகவில்லை. "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" என்று தட்டினால் எந்தக் கர்னலுக்கு எது நிறுவப்பட்டிருக்கிறது என்று காட்டும். புதிய கர்னலின் ஹெடர் பொதி விட்டுப்போயிருப்பதுதான் வழக்கமான காரணம்.

டிரைவர் கம்பைல் ஆகியும் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வந்தால் அது செக்யூர் பூட். கையொப்பம் இல்லாத டிரைவரைக் கர்னல் உள்ளே விடவில்லை. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், அடுத்த தடவை ஏற்றும்போது நீலத் திரையில் அதைக் கொடுத்து "என்ரோல் எம்ஓகே" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் அந்த நீலத் திரையைப் பார்த்துப் பயந்து "கன்டின்யூ பூட்" அழுத்திவிடுகிறார்கள். பிறகு டிரைவர் ஏறாது.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில். விண்டோஸிலிருந்து வந்தால் மட்டும் வைஃபை வருவதில்லை.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வேலை. அது "ஷட் டவுன்" என்று சொன்னாலும் முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கிறது. வைஃபை அட்டையும் அந்த நிலையிலேயே நிற்கும். விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் பிரிவில் உள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து எழுதுபவர்களுக்கு இதை அணைப்பது எப்படியும் அவசியம், இல்லாவிட்டால் கோப்பே கெடலாம்.

எண்ணுக்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை.

டிஎன்எஸ். "ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்" என்று தட்டினால் ஒவ்வோர் இடைமுகத்துக்கும் எந்த டிஎன்எஸ் சர்வர் என்று காட்டும். உபுண்டுவில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்து பார்த்து "127.0.0.53 என்று இருக்கிறதே, இதுதான் தப்பு" என்று மாற்றப் போகிறவர்கள் அதிகம். அது தப்பில்லை. கணினிக்குள்ளேயே சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற இடைத்தரகர் ஓடுகிறது, எல்லாப் பெயர்க் கேள்விகளும் அதன் வழியாகத்தான் வெளியே போகின்றன. உண்மையான சர்வர் எது என்பதை ரிசால்வ்சிடிஎல்தான் சொல்லும்.

அந்தக் கோப்பைக் கையால் திருத்தினால் அடுத்த இணைப்பில் மறுபடி அழிந்துவிடும். அழியாமல் இருக்கக் கோப்பைப் பூட்டும் ஒரு தந்திரத்தைச் சிலர் சொல்லித் தருகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஆறு மாதம் கழித்து விபிஎன் வேலை செய்யாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள், பூட்டியது நினைவுக்கே வராது. நெட்வொர்க் அமைப்பில் அந்த இணைப்பின் ஐபிவி4 பகுதிக்குப் போய், டிஎன்எஸ் கட்டத்தில் தானியங்கியை அணைத்துவிட்டு 1.1.1.1 அல்லது 8.8.8.8 அல்லது 9.9.9.9 போட்டுச் சேமித்து, இணைப்பை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முதலாவது கிளவுட்ஃப்ளேர் 2018-இல் தொடங்கியது, இரண்டாவது கூகுளுடையது, மூன்றாவது குவாட்9. அதனால் சரியானால் உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் படுத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே ஒரு தளம் மட்டும் தப்பான இடத்துக்குப் போகிறதா? ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். எப்போதோ சோதனைக்காக எழுதிய வரி அங்கே இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் "ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்".

ரயில் நிலையம், ஹோட்டல் வைஃபையில் இணைகிறது. லாகின் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது.

அந்த வைஃபை உங்கள் முதல் கோரிக்கையை மறித்துத் தன் பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். நீங்கள் திறப்பது எச்டிடிபிஎஸ் தளமாக இருந்தால் மறிக்க முடியாது, பிழைதான் வரும். "நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்" போன்ற, எச்டிடிபியில் மட்டும் இயங்கும் தளத்தைத் திறந்தால் லாகின் பக்கம் வந்துவிடும். மேலே சொன்னபடி டிஎன்எஸ்ஸை மாற்றி வைத்திருந்தால், அல்லது பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் இயக்கியிருந்தால், அதுவும் குறுக்கே நிற்கும். தற்காலிகமாகத் தானியங்கிக்கு மாற்றுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். அப்புறம் ஓடிபி வரும் கைபேசி கையில் இருக்கட்டும்.

சில தளங்கள் திறக்கின்றன, சில தளங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இதுதான் ஆளைக் குழப்பும் வகை. பிங் போகும், டிஎன்எஸ் சரியாக இருக்கும், கூகுள் திறக்கும், வங்கித் தளம் திறக்காது. இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று எம்டியூ, அதாவது ஒரே பொட்டலத்தில் எத்தனை பைட் போகலாம் என்ற அளவு. ஈதர்நெட்டில் 1500. பிபிபிஓஈ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும்) முறையில் வரும் ஃபைபர், டிஎஸ்எல் இணைப்புகளில் அதன் தலைப்புக்கே 8 பைட் போய்விடுவதால் 1492. விபிஎன்னில் இன்னும் குறையும். பெரிய பொட்டலம் வழியில் நிற்கும்போது "சின்னதாக அனுப்பு" என்று ஒரு செய்தி திரும்பி வர வேண்டும். நடுவில் யாராவது ஃபயர்வாலில் அந்தச் செய்தியைத் தடுத்திருந்தால், சின்னப் பக்கங்கள் வரும், பெரிய பக்கங்கள் தொங்கும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைந்து, பெரிய பட்டியல் ஒன்று வந்தவுடன் உறைந்து நிற்பதும் இதே நோய்தான்.

சோதிக்க "பிங் -எம் டூ -எஸ் 1472 8.8.8.8". எம் மட்டும் பெரிய எழுத்து, டூ என்பது டி, ஓ என்ற இரண்டு எழுத்துகள். 1472-உடன் தலைப்புகளின் 28 சேர்ந்து 1500. இது போகாமல் 1464 போனால் உங்கள் எம்டியூ 1492. இணைப்பின் அமைப்பில் எம்டியூ கட்டம் இருக்கிறது, அங்கே போட்டுவிடலாம். ரூட்டரில் சரிசெய்தால் வீட்டில் எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து சரியாகும்.

மற்றது ஐபிவி6, அதாவது 192.168.1.1 போன்ற ஐபிவி4 முகவரிகளுக்குப் பின் வந்த புதிய முகவரி முறை. முகவரி கிடைத்திருக்கும், வழி எங்கோ உடைந்திருக்கும். பிரவுசர்கள் ஐபிவி6 தாமதமானால் ஐபிவி4-க்குத் தாவும் அளவுக்குச் சாமர்த்தியம் உள்ளவை. மென்பொருள் நிறுவும் ஏபிடியின் பழைய பதிப்புகள் போன்றவை அவ்வளவு சாமர்த்தியம் காட்டுவதில்லை, காத்துக்கொண்டே இருக்கும். "கர்ல் -4" என்றும் "கர்ல் -6" என்றும் ஒரே தளத்தைக் கேட்டுப் பாருங்கள். 4-இல் வந்து 6-இல் வரவில்லையென்றால் விஷயம் உறுதி. உடனே ஐபிவி6-ஐ முழுசாக அணைத்துவிடு என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அது அவசரத்துக்குச் சரி. ஆனால் இந்தியாவில் ஜியோ போன்ற நெட்வொர்க்குகள் பெருமளவு ஐபிவி6-இல்தான் ஓடுகின்றன. ரூட்டரை மறுபடி ஏற்றிப் பார்த்துவிட்டு, இணைய நிறுவனத்திடம் புகார் கொடுத்துவிட்டு, கடைசியாக அணையுங்கள். அணைத்தால் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் அணையுங்கள்.

எந்தத் தளம் திறந்தாலும் சான்றிதழ் பிழை.

கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் எதுவும் பிறக்கவே இல்லை, அதனால் பிரவுசர் எல்லாவற்றையும் நிராகரிக்கும். "டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ" நேரத்தைச் சரியாக்கும். சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டால் திரும்ப வராது.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளியிருந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். விண்டோஸ் கணினிக் கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை உலக நேரம் என்று படிக்கிறது. இரண்டும் உள்ள கணினியில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" சுலபத் தீர்வு.

200 எம்பிபிஎஸ் திட்டம். கேபிளில் 94-ஐத் தாண்டவே இல்லை.

அந்த 94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் தலைப்புகள் போக மிஞ்சுவது அவ்வளவுதான். "ஈத்டூல்" என்று தட்டி இடைமுகத்தின் பெயரைக் கொடுங்கள். "ஸ்பீட்: 100எம்பி" என்று காட்டினால் கேபிளில் கோளாறு. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். கிகாபிட்டுக்கு மட்டும் வேண்டிய மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். கேபிளை மாற்றியும் அப்படியே இருந்தால் ரூட்டரின் போர்ட் 100-க்கு மேல் போகாத வகையா என்று பாருங்கள்.

வைஃபை விட்டு விட்டு வருகிறது.

"ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 லிங்க்" என்று தட்டுங்கள், இடைமுகப் பெயரை உங்களுடையதாக மாற்றிக்கொண்டு. சிக்னல் மைனஸ் 50 அருகே இருந்தால் அருமை. மைனஸ் 70-க்குக் கீழே தடுமாற்றம் ஆரம்பம். மைனஸ் 80-இல் எந்த டிரைவரும் ஒன்றும் செய்ய முடியாது, ரூட்டரை நகர்த்துங்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் விட்டு விட்டு வந்தால் மின்சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். "சூடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்பி2எஸ்0 செட் பவர்_சேவ் ஆஃப்". இதனால் குணமானால் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி கோப்புறையில் வைஃபை.பவர்சேவ் மதிப்பை 2 என்று எழுதி நிரந்தரமாக்கலாம். 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு. உபுண்டு தன் கோப்பில் 3 என்று வைத்திருக்கும்.

ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சானலில் இருந்தால், நாட்டுக் குறியீடு அமைக்கப்படாத கணினிக்கு அது கண்ணில் படாமல் போகலாம். "ஐடபிள்யூ ரெக் கெட்" (ரெக் என்பது ஆர், ஈ, ஜி) தட்டினால் நாடு 00 என்று காட்டுகிறதா? "சூடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்" என்று கொடுங்கள், ஐஎன் மட்டும் பெரிய எழுத்துகளில். கெட்டிக்காரர்களும் கவனிக்காத ஒன்று: யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கிளப்பும். டாங்கிளுக்குப் பக்கத்து போர்ட்டில் டிஸ்க் செருகியவுடன் வைஃபை மந்தமானால் டாங்கிளை ஒரு நீட்டிப்பு கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

பிரவுசரில் இணையம் வருகிறது, டெர்மினலில் வரவில்லை.

பிராக்ஸி, அதாவது உங்கள் சார்பில் வெளியே போய் வரும் இடைநிலைச் சர்வர். "என்வ்" என்று தட்டி எச்டிடிபி_பிராக்ஸி என்ற மாறி இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி விடுதியில் இருந்தபோது போட்டுவைத்த பிராக்ஸி, வீட்டுக்கு வந்த பிறகும் பாஷ்ஆர்சி கோப்பில் உட்கார்ந்திருக்கும். ஏபிடிக்கு அதன் சொந்த அமைப்புக் கோப்புறை தனியாக இருக்கிறது, அங்கேயும் தேடுங்கள். தலைகீழான நிலையும் உண்டு: பிராக்ஸி கட்டாயமான இடத்தில் மாறியைப் போட்டும் சூடோவோடு ஓட்டும் கட்டளைக்கு அது போய்ச் சேராது. "சூடோ -ஈ" என்று, ஈ-யைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் போகும்.

அலுவலக, கல்லூரி வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. சரியாகக் கொடுத்தும் நுழைய முடியவில்லை.

உள்நுழைவு முறை பெரும்பாலும் பிஈஏபி, அதற்குள் எம்எஸ்சாப்வி2. இந்த இரண்டையும் தேர்ந்தெடுத்தும் வரவில்லை, கணினியில் உபுண்டு 22.04 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் சர்வர் பழையதாக இருக்கலாம். அந்தப் பதிப்பில் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க மென்பொருள், பழைய பாணிப் பேச்சுவார்த்தையை ஏற்பதில்லை. சர்வரைப் புதுப்பிக்கச் சொல்வதுதான் நியாயமான தீர்வு. சர்வர் உண்மையானதா என்று சரிபார்க்கும் சிஏ சான்றிதழ் தேவையில்லை என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டுப் போவது சுலபம்தான். ஆனால் அதே பெயரில் யாராவது போலி வைஃபை வைத்தால் உங்கள் கடவுச்சொல்லைப் பறிக்க வழி திறந்துவிட்டீர்கள்.

டாக்கர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது 172.17, 172.18 என்று முகவரித் தொகுதிகளை எடுத்துக்கொள்ளும். அலுவலக நெட்வொர்க்கும் அதே தொகுதியில் இருந்தால் போக வேண்டிய பொட்டலங்கள் டாக்கருக்குள் போய்விடும். "ஐபி ஆர்" வெளியீட்டில் இரண்டும் மோதுவது தெரியும். டாக்கரின் அமைப்புக் கோப்பில் தொகுதியை மாற்றுங்கள்.

தொலைவில் உள்ள சர்வரில் நெட்வொர்க்கை மாற்ற வேண்டும். தவறினால் உள்ளேயே போக முடியாதே?

உபுண்டு சர்வர் என்றால் "நெட்பிளான் அப்ளை" வேண்டாம், "நெட்பிளான் ட்ரை" கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் என்டர் அழுத்தி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கும் முன் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி கொடுத்துவிட்டு இயக்குங்கள்.

வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து அணுக முடியவில்லை. போர்ட் எல்லாம் திறந்தாயிற்று.

ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்குப் பொது முகவரியே இல்லை. இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கு போடுகிறது. ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. ஐபிவி6 வழியாக அணுகலாம், பொது முகவரி உள்ள ஒரு சர்வர் வழியாக வயர்கார்டு விபிஎன் சுரங்கம் போடலாம், அல்லது நிறுவனத்திடம் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம்.

எல்லாம் செய்தும் வரவில்லை. உதவி கேட்கும்போது என்ன கொடுக்க வேண்டும்?

"வைஃபை வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்ற ஒரு வரிக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு, "யூநேம் -ஆர்" காட்டும் கர்னல் எண், "எல்எஸ்பிசிஐ -என்என்கே" அல்லது "எல்எஸ்யூஎஸ்பி" வெளியீடு, "ஐபி ஏ", "ஐபி ஆர்", "ஆர்எஃப்கில் லிஸ்ட்" ஆகியவற்றின் வெளியீடு, எதைச் செய்த பிறகு நின்றது என்ற விவரம், இவை வேண்டும். "ஜர்னல்சிடிஎல் -பி -யூ நெட்வொர்க்மேனேஜர்" என்று கொடுத்தால் இந்தத் தடவை கணினி ஏறியதிலிருந்து நெட்வொர்க்மேனேஜர் என்ன செய்தது என்ற நாட்குறிப்பு வரும். -பி என்பது பூட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து; சேவையின் பெயரில் "என்", "எம்" இரண்டும் பெரிய எழுத்துகள். அதில் கோளாறு நடந்த நேரத்தை ஒட்டிய பகுதியை மட்டும் எடுங்கள்.

எல்லாவற்றையும் எழுத்தாகக் கொடுங்கள், கைபேசியில் திரையைச் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பொது இடத்தில் போடும் முன் மேக் முகவரி (அட்டையின் வன்பொருள் எண்), வெளிப்பக்க ஐபி முகவரி, வைஃபையின் பெயர் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். 192.168 என்று தொடங்கும் எண்களை மறைக்க வேண்டாம். அவை எல்லார் வீட்டிலும் இருப்பவைதான், மறைத்தால் உதவ வருபவருக்குத்தான் சிரமம்.